சாம்பிராணி மணக்கும் தொட்டி

திங்கள், ஒக்டோபர் 7

காலை பனி. பத்து மணிக்குப் பின் மங்கிய வெயில்.

உறுதியானது: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மலக்கிருமி. ஆதாரம்: ஆய்வுகூடத் தாள், சுகாதாரப் பரிசோதகர் மு.ப. 11.20க்குக் கையில் தந்தது. மகள் சாருவின் நெருப்புக்காய்ச்சல் (டைபாய்ட்) இதனால்தான் என்பது அவருடைய அபிப்பிராயம். தாளில் அது இல்லை.

சாருவுக்கு ஏழு வயது. இந்த வருடம் இரண்டாம் தடவை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை வந்தால் குடல் தாங்காது என்று டாக்டர்.

நானே அளந்தது: கக்கூசுக் குழியிலிருந்து கிணற்றுக்கு இருபத்திரண்டு அடி. குழி மேட்டில், கிணறு பள்ளத்தில். எங்கள் ஊர் அம்பிட்டியவில் எந்த வீட்டு வளவும் இப்படித்தான் சரிவு.

பரிசோதகர் வீட்டின் மறுபக்கம் போய் கொங்கிரீட் மூடியைப் பார்த்துவிட்டார். நல்ல செப்டிக் தொட்டி இருக்க ஏன் குழியைப் பாவிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இருபத்தாறு வருடம் பத்திரிகைக்காக மற்றவர்களைக் கேள்வி கேட்டவன் நான். குழாய் கிடைக்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டார். பிழையான தகவல், என் பெயரில்.

வாங்க: குளோரின் தூள். பெரிய கேத்தில். சாருவுக்குச் சித்திரக் கொப்பி.

புதன், 9

பி.ப. இரண்டரைக்கு மழை. மலை முழுதும் வெள்ளை. அலுவலகம் போகவில்லை.

இதுவரை எங்கும் எழுதாதது. தொட்டி கட்டி முடிந்தது எண்பத்து மூன்று ஆடியில். குழாய் வரவேண்டியிருந்தது. அதற்கு முன் அவர்கள் வந்தார்கள், தமிழர் வீடுகளைத் தேடி. நானும் மனைவி ரஞ்சியும் இரண்டு நாள் தொட்டிக்குள். சாரு அவள் வயிற்றில், மூன்று மாதம். வீட்டின் முன் அறை எரிந்தது. மலத் தொட்டியை யார் திறந்து பார்ப்பார்கள்? ஒருவரும் திறக்கவில்லை.

காற்றுக் குழாய் வழியே ஒரு சதக்குற்றிக் காசு அளவு வானம். ஒரு மேகம் அதைக் கடக்க எவ்வளவு நேரம் என்று எண்ணினேன். எண்ணிக்கை மறந்துவிட்டது. மேகம் மறக்கவில்லை.

பிறகு குழாய் பொருத்தவே இல்லை. வருடா வருடம் ஆடியில் ரஞ்சி உள்ளே இறங்குவாள். சுண்ணாம்பு அடிப்பு. சாம்பிராணிப் புகை. புதுப் பாய். ஒரு பிஸ்கட் தகரம்: மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, அடையாள அட்டைப் பிரதிகள், சாருவின் பிறப்புச் சான்றிதழ். கக்கூசு பழைய குழிக்கே போய்க்கொண்டிருந்தது. எட்டு வருடம்.

இன்று ரஞ்சியிடம் சொன்னேன், தொட்டியை இனிக் கக்கூசோடு இணைக்க வேண்டும் என்று.

"அது கக்கூசுக்குக் கட்டினது எண்டு எனக்குத் தெரியாதே?" கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. "திருப்பி வந்தாங்களெண்டா எங்கை ஓடுறது? கிணத்துக்குள்ளையோ?"

"கிணறுதான் பிள்ளையைக் கொல்லுது, ரஞ்சி."

"தண்ணி கொதிக்கவைச்சுத்தானே குடுக்கிறன்."

"பல்லு விளக்கேக்கை?"

கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள். இரண்டு பக்கமும் சரி: அவள் சொல்வதும், நான் சொல்வதும். இப்படி ஒரு செய்தியை ஆசிரியர் ஏற்கமாட்டார்.

வியாழன், 10

பகல் தூக்கத்தில் கனவு. தொட்டி மலையிலிருந்து கழன்று பனிமேல் படகுபோல் போகிறது. நாங்கள் மூவரும் உள்ளே. சாரு குழாய் வழியே கைவிரலை வெளியே நீட்டி மேகத்தைத் தொடுகிறாள். விழித்தபோது அவள் பக்கத்தில், படம் கீறிக்கொண்டு. மணிக்கட்டு எவ்வளவு மெலிவு.

சனி, 12

வெயில். செல்வராஜ் வந்தார். மஹய்யாவக்காரர். நகரில் மலத் தொட்டிகளை உறிஞ்சும் பவுசர் லொறியில் வேலை, ஓய்வு நாளில் குழாய் வேலையும் செய்வார். ரஞ்சிக்குச் சொல்லாமல்தான் கூப்பிட்டேன். பார்க்க மட்டும்.

மூடியை நெம்பி, எட்டிப் பார்த்து, இறங்கினார். பிறகு தலை மட்டும் மேலே வந்தது.

"சார், இருவது வருசமா தொட்டி கழுவுறேன். சாம்பிராணி மணக்குற தொட்டிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ரஞ்சி தேத்தண்ணீர்க் கோப்பையோடு பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாகவோ.

"பயப்படாதீங்கம்மா," என்றார். "பக்கத்து வீட்டு சிங்கள நோனா அம்மாவுக்குத் தெரியும். அவங்க வீட்டுக்கு மூணு வருசத்துக்கு ஒருக்கா பவுசர் கொண்டாருவோம். மொதோ தடவையே கேட்டாங்க, 'ஏன் செல்வராஜ், அந்த வீட்டு ஆளுங்க சாப்புடுறதே இல்லையா, ஒரு நாளும் பவுசர் வரலையே'ன்னு. ஒரே சிரிப்பு. அப்புறம் மொகம் மாறிப்போச்சு. 'நீ ஒண்ணும் கண்டுக்காத'ன்னாங்க."

"எப்ப?" ரஞ்சியின் குரல்.

"அது ஆச்சும்மா, ஆறு வருசம்."

கோப்பையை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆறு வருடமாக வேலிக்கு அப்பால் இருந்து கறிவேப்பிலை கேட்கும் அதே நோனா.

குறிப்பு: ஆதாரம் ஒன்றே. நோனாவிடம் கேட்டு உறுதிப்படுத்தவும் முடியாது. எங்கள் ஒளிவிடத்தை நாங்களே வாய்விட்டுச் சொன்னதாகிவிடும்.

ஞாயிறு, 13

ரஞ்சி மத்தியானம் தொட்டிக்குள் இறங்கினாள். சாருவையும் கூப்பிட்டாள். நான் மேலே, மூடியருகே. உள்ளேயிருந்து சாரு: "அம்மா, வானம் ஏன் இவ்வளவு குட்டி?" "அப்ப இதைவிடக் குட்டியா இருந்தது, பிள்ளை." பிறகு இருவரும் எதற்கோ சிரித்தார்கள். சிரிப்பு கொங்கிரீட்டில் பட்டு, வேறு வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது.

ஏறி வந்து பாயைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். "செல்வராசை வரச் சொல்லுங்கோ."

புதன், 16

பனி. குழாய் இணைத்தாயிற்று. முதல் வாளி தண்ணீர் மு.ப. 10.40. உள்ளே விழுந்த சத்தம், பெருமூச்சு மாதிரி. ரஞ்சி காதைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை.

செல்வராஜ் சொன்னவை: பினாயில் ஊற்றக்கூடாது, நல்ல கிருமி செத்தால் தொட்டி வேலை செய்யாது. துணி, தும்பு, சமையல் எண்ணெய் போடக்கூடாது. மூடிமேல் மரம் வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பவுசர். "இனி உங்க வீட்டுக்கும் வருவேன் சார். நோனா சிரிக்க ஒண்ணும் இல்ல."

பழைய குழிக்குச் சுண்ணாம்பு, மண். கிணறு இறைத்து குளோரின். பரிசோதகர் தண்ணீரில் புது மாதிரி எடுத்தார். தொட்டியைப் பார்த்து, "குழாய் கிடைத்ததா?" என்றார். கிடைத்தது என்றேன். இம்முறை சரியான தகவல்.

பி.ப. நான்குக்கு ரஞ்சி பக்கத்து வீட்டுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அந்தப் படியேறியது இன்றுதான். கையில் பிஸ்கட் தகரம், மெழுகுதிரியும் சான்றிதழுமாக. நாற்பது நிமிடம். திரும்பியபோது ஒரு கொத்துக் கறிவேப்பிலை மட்டும்.

"தகரம்?"

"அங்கை வைச்சிட்டு வந்திட்டன்."

நிலுவையில்: தண்ணீர் முடிவு, திங்கள் 28, பத்து மணிக்குப் பின். அதுவரை கொதிதண்ணீர், பல் விளக்கவும் அதுவே. நோனா என்ன சொன்னார் என்பது: ரஞ்சி சொல்லவில்லை, எப்போது சொல்வாள் என்று தேதியும் தரவில்லை.