தொந்தரவில்லாத நோயாளி

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

அப்பா படியில் விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகிறது. உனக்கு எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வார்டில் எல்லோரும், "உங்கப்பா தங்கமான பேஷன்ட், ஒரு தொந்தரவும் இல்ல" என்றார்கள். எனக்கோ அது சரியாகப் படவில்லை. எதிரே லிஃப்ட் கதவு கிறீச்சிடுகிறது. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! நர்ஸிடம் சொன்னேன். சின்னப் பெண் என்று ஒதுக்காமல் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, கிழமைகளைக் கடைசியிலேருந்து சொல்லுங்க."

"ஞாயிறு, சனி..." அதோடு அப்பா எங்கோ போய்விட்டார்.

ஒரு கருவியும் இல்லை அக்கா. ஏழு கிழமைகளை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்!

"இது டெலிரியம்மா. திடீர்னு வர்ற குழப்பம். கத்துறவங்களை எல்லாரும் கவனிப்பாங்க. இப்படி அமைதியா இருக்கிறவங்களைத்தான் விட்டுடுவாங்க" என்றார். டாக்டர் சோதித்ததில் சிறுநீரில் தொற்று; குழப்பம் அதனால்தானாம். மருந்து ஏறுகிறது. "அவர் மூக்குக்கண்ணாடி எங்கே? கண்ணு சரியா தெரியலேன்னா குழப்பம் கூடும்" என்று நர்ஸ் கேட்டபோது வெட்கமாகிவிட்டது. உடைந்துவிடுமென்று நான்தான் வீட்டில் வைத்திருந்தேன்.

இன்னொன்று. அப்பா என்னைப் பார்த்து, "குண்டு பல்பு, வந்துட்டியா?" என்றார். அவருடைய குண்டு பல்பு நீதானே?

உன் தங்கை

ஜூன் 7

என் புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்து, இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.

அவரை மீறிக் கல்யாணம் செய்த நாளிலிருந்து, நான்கு வருடமாக அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. குழப்பத்தில் கூப்பிட்டதை நம்பி வந்து நின்றால், தெளிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. வெள்ளிதான் எனக்கு விடுமுறை; அன்றும் இங்கேயே இருப்பேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடு. அவர் துடைக்க மாட்டார்.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

நர்ஸ் சொன்னபடி பகலில் ஜன்னல் திரையைத் திறந்தோம். கடிகாரம் தெரியும்படி கட்டிலைத் திருப்பினோம். அம்மாவும் நானும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்து பேசினோம். நேற்று அப்பா சட்டென்று தலையைத் தூக்கி, "எந்த மடையன் இந்தக் கதவுக்கு எண்ணெய் போடாம வச்சிருக்கான்?" என்றார். நானும் நர்ஸும் கைதட்டிவிட்டோம்! அப்பா எங்களைப் பைத்தியங்களைப் போலப் பார்த்தார்.

நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. உன்னைக் கூப்பிட்டதும் நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று நர்ஸ் மறுபடியும் கிழமைகளைக் கேட்டார்.

"ஞாயிறு, சனி, வெள்ளி..." நிறுத்திவிட்டார். மறுபடியும் எங்கோ போய்விட்டாரோ என்று பயந்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவுதானே? வரச் சொல்லு."

பிறகு மீதி நான்கையும் தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

உன் கடிதம் என் பள்ளிக்கூடப் பையில்தான் இருக்கிறது. சத்தியமாக நான் சொல்லவில்லை அக்கா. அவருக்கு எப்போதிலிருந்து தெரியும்?

உன் தங்கை