ரோமாபுரிப் பாடமும் எங்கள் தோட்டத்து வேலியும்

ஆகஸ்ட் 20, புதன்
காலையில் தூறல், எட்டு மணிக்கே வெயில். ஒன்பதாம் வகுப்புக்கு ரோமாபுரி. டைபீரியஸ் கிராக்கஸ் (இனி கி.). புத்தகத்தில் இருப்பது கொஞ்சம்தான், மிச்சம் போனில் தேடியது. சாமானியர்களின் பிரதிநிதி. பணக்காரர்கள் வளைத்துப்போட்ட பொது நிலத்தை அளந்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தவன். பெஞ்சுக் காலை உடைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். அடிக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றவன் கி.யின் பெரியம்மா மகன்.

"அப்ப அண்ணனுங்களா மிஸ்?" என்றாள் கடைசி பெஞ்சு சுமதி. "பொறம்போக்குக்காகவா?"

ஆமாம் என்றேன்.

31ஆம் தேதி என் பாப்பாவின் காதுகுத்துக்கு இன்னும் வாங்க வேண்டியது: சந்தனம், வெற்றிலை, பூ. கம்மல் தாய்மாமன் செலவு.

ஆகஸ்ட் 21, வியாழன்
அண்ணன் போன். எங்கள் தோட்டத்தை ஒட்டிய மேய்ச்சல் பொறம்போக்கில் காலனிக்காரர்கள் வீட்டுமனை கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை சர்வேயர் அளக்க வருகிறார். பட்டாவில் என் பெயரும் இருப்பதால் நானும் நிற்க வேண்டுமாம்.

"சும்மா வந்து நில்லு அம்மிணி. எல்லைக்கல்லு எங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிப்போடு."

தெரியாதா எனக்கு! மழை பிடித்ததும் கிளுவைக் கிளைகளைப் போத்தாக வெட்டி நட்டு வேலியைப் புதுப்பிப்போம். ஒவ்வொரு முறையும் ஒரு முழம் வெளியே, பொறம்போக்குக்குள். நட்டவர் அப்பா. போத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கல் இப்போது வேலிக்கு ரொம்ப உள்ளே, சீத்தா மரத்தடியில்.

வாயைத் திறந்தால் அண்ணன் காதுகுத்துக்கு வரமாட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா? கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. மாவு அரைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி
நல்ல வெயில். காலனியிலிருந்து ஐந்தாறு பேர், தள்ளியே நின்றார்கள். சர்வேயர் தேடிய இடத்தில் கல் இல்லை.

"கல்லே கெடையாதுங்க. எங்கப்பாரு காலத்துலருந்து வேலிதானுங்க எல்லை" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா டீச்சர்?"

நடந்து போய் மரத்தடியில் சருகைக் காலால் தள்ளிக் காட்டினேன். அந்த ஐந்தாறு பேரில் ஒருத்தி, எங்கள் தோட்டத்தில் களை வெட்ட வரும் பாவாயி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் கத்தவில்லை. "படிச்ச புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
புழுக்கம். பொறம்போக்கில் புதுக்கல் நட்டாயிற்று, பாவாயி போனில் சொன்னாள். சந்தோஷம்தான். எட்டு நாளாக அண்ணன் என் போனை எடுக்கவில்லை. கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருக்க, மாமியார் என்னை முறைத்தபடி.

9.10க்கு அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, தட்டுவரிசை, கம்மல் டப்பா. ஒரு குறை இல்லை. பாப்பாவை மடியில் வைத்து, "அழுவாத சாமி, ஆச்சு, ஆச்சு" என்று தட்டிக்கொடுத்தார். நான் கையை நீட்டினேன். பாப்பாவை மாமியாரிடம் கொடுத்தார்.

"சாப்ட்டுப் போங்கண்ணா" என்றேன்.

அவர் ஆசாரியைப் பார்த்து, "மொறையெல்லாம் முடிஞ்சுதுங்களா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டார்.