பேரணைக் கணினியின் இரு செயலிகள்

திரு நிலைபெறுக. காவி நன்னாட்டை ஒரே அரியணையின் இருபுறமும் அமர்ந்து ஆளும் மூத்தகோ, இளையகோ என்னும் இரு வேந்தர் திருவடி தாங்கி, அவர்தம் ஆணைகளை ஓலையில் வரையும் திருமந்திர ஓலைநாயகம் வில்லவதரையன் எழுதுவது. தேனாற்றுப் பேரணை காக்கும் அணைநாயகி ஆதிநங்கையார் கண்டுகொள்க. உம் அணை அசையாது நிற்க. உம் கரைவாழ் குடிகள் இம்மழையைக் கடந்து அடுத்த அறுவடை காண்க.

வாழ்த்தை இதற்குமேல் நீட்டப் பொழுதில்லை.

நம் வழக்கம் நீர் அறிந்ததே. வேந்தர் இருவர் ஆதலின், அரசின் மேசைக் கணினி ஒவ்வொன்றிலும் ஒரே தாய்ப்பலகைமேல் இரு செயலிகளைப் பூட்டி, ஒன்றை மூத்தகோவின் பெயராலும் மற்றதை இளையகோவின் பெயராலும் வழங்குகிறோம், நினைவகமும் தனித்தனி. உம் பேரணைக் கணினியில் மலைமேல் பெய்யும் மழையின் அளவு மூத்தவர் பக்கத்திலும், மதகு திறக்கும் கட்டளை இளையவர் பக்கத்திலும் வைக்கப்பட்டன. ஒரு பக்கத்துச் செய்தி மறுபக்கம் சேரச் சற்றே தாமதமாகும். அது கண்ணிமைப்பினும் சிறிது. அதற்காக எவரும் அஞ்சியதில்லை.

அஞ்சவைத்தது வேந்தரின் பிணக்கு. அது முற்றியபின், மறுபக்கத்தின் இசைவு வந்தாலன்றி எப்பக்கமும் அசையலாகாது என அரண்மனைக் கணினியர் நிரலில் எழுதிவைத்தனர். பாவிகள், அதை மரியாதை என்றே நினைத்தனர். சென்ற மழையில் இச்செயலி அதன் இசைவுக்கும் அச்செயலி இதன் இசைவுக்கும் காத்துக்கிடக்க, மதகு திறவாமல் வெள்ளம் கரைமீறிக் கீழைச்சேரி ஊர் மூழ்கியதை நீர் கண்முன்னே கண்டீர்.

தனித்தனியே கணிக்கவல்ல பல கருக்கள் ஒரே மூடியின்கீழ் அமைந்த ஒற்றைச் செயலி இப்போது கிடைக்கிறது. கருக்கள் தத்தம் வேலையைத் தனியே செய்யினும் நினைவகம் அனைத்துக்கும் பொது. எவர் பக்கம் என்ற பேச்சே அங்கு எழாது. இதனை அவையில் விண்ணப்பித்தேன். ஒரு மூடியின்கீழ் இரு வேந்தரை அடைப்பதாயின் அம்மூடி எவருடையது என இளையகோ வினவியருளினார். அவை அத்துடன் கலைந்தது.

புதிய செயலிக்கான ஆணையோலையுடன் மூத்தகோவை அணுகினேன்; இளையவர் இலச்சினை இட்டபின் தாம் இடுவதாக அருளினார். இளையகோவை அணுகினேன், மூத்தவர் இட்டபின் தாம் இடுவதாக அருளினார். ஐயோ, அணைநாயகியாரே, அக்கணினி செய்ததையே அரியணையும் செய்கிறது! இதற்கிடையே மலையில் மழை விடவில்லை என்று காவலர் சொல்லி அனுப்பியவண்ணம் இருக்கின்றனர்.

ஆதலால் இவ்வோலை கொணரும் தூதன் கீரன்வசம் புதிய தாய்ப்பலகையும் பல்கருச் செயலியும், இசைவு வரிகள் நீக்கிய நிரலும் அனுப்பியுள்ளேன். அவன் வந்தவுடன் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுக. எனினும் இதுவும் என்னை அச்சுறுத்துகிறது. கருக்கள் யாவும் ஒரே மூடிக்குள் வெந்துகொண்டிருப்பதால், மின்விசிறி நின்றால் அனைத்தும் ஒருங்கே ஓய்ந்துவிடும். விசிறியருகே ஓர் ஆளை நிறுத்துக. மதகுச் சக்கரத்தருகே வலியவர் நால்வரை நிறுத்துக. கணினி ஓய்ந்தால் கையாலேயே திறக்க. எவர் இசைவுக்கும் காத்திராதீர்.

இரு வேந்தர் இலச்சினையும் இல்லாத ஆணை இராசத் துரோகம். அதற்குரிய தண்டனை என்ன என்பதை நீரும் அறிவீர், நானும் அறிவேன். என்னைக் காப்பதாக எண்ணி இவ்வோலையை எரித்துவிடாதீர். பத்திரமாகப் பேழையில் வைத்து, வினவ வருவோர்க்கு முதலில் இதனையே காட்டுக. பழி உம்மைத் தொடாது.

வேந்தர் இலச்சினைகளுக்கென விட்ட இரண்டு இடங்களும் வெறுமையாகவே உள்ளன. அவற்றின்கீழ் என் மோதிரத்தைப் பதித்தேன்.

மதகைத் திறந்துவிடுக. இது ஆணை.