அபராத ரசீது இல்லாதவள்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம், அவருடைய இருமலும் சுகமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று போனில் கேட்டாகிவிட்டது, இருந்தாலும் கடிதத்திலும் ஒருமுறை கேட்டுவைக்கிறேன்.

தபால் ஆபீஸ் மதிலோரம் நான் மிஷின் போட்டுப் பைகளுக்கு ஜிப் தைப்பது இத்தனை நாள் சட்டவிரோதம். இப்போது நடைபாதையில் தொழில் செய்கிறவர்களுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஒரே இடத்தில் ஐந்து வருடம் அனுமதி இல்லாமல் தொழில் செய்ததை நிரூபித்தால் அனுமதி அட்டை தருவார்களாம், நிரூபிக்காதவர்கள் மாதக் கடைசியில் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். ஆதாரம் என்றால் அபராத ரசீது. பக்கத்தில் சாவி போடுகிறவருக்கு மூட்டுவலி, நகராட்சி லாரி வந்தால் ஓட முடியாது, வருடம் தவறாமல் பிடிபட்டிருக்கிறார், பதினான்கு ரசீதை நீட்டி முதல் நாளே அட்டை வாங்கிவிட்டார். நான் லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே மிஷினைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் போய்விடுவேன், பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட மாட்டவில்லை, அதைப் பெருமையாக வேறு நினைத்திருந்தேன். ஓடாதீங்கக்கா, நின்னு வாங்கிக்குங்கன்னு அப்பவே சொன்னேன்ல என்கிறார் சாவிக்காரர், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. அபராதம் போடும் இன்ஸ்பெக்டரிடம் போய்ப் பழைய தேதியில் ஐந்து அபராதம் கேட்டேன். சட்டத்துக்குப் புறம்பா எதுவும் கேக்காதீங்கம்மா என்று முகத்தைச் சுளித்தார்.

பிறகுதான் உன் கடிதங்கள் ஞாபகம் வந்தன. நம் வீட்டுக்குக் கதவு உண்டு, எண் கிடையாது, அதனால் ‘ஜிப் தைக்கும் அம்மா, தபால் ஆபீஸ் மதிலோரம்’ என்றுதானே விலாசம் எழுதுவாய். உறைகளைக் கொண்டுபோய் அட்டை கொடுக்கும் அதிகாரியின் மேஜையில் அடுக்கினேன், ஒவ்வொன்றிலும் தேதியோடு தபால் முத்திரை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, ஆறு வருஷத்துக்கு இருக்கு, கடைசி ரெண்டு வருஷத்துக்குக் காணோமே, தொழிலை விட்டுட்டீங்களா என்றார். போன் வாங்கிட்டேன் என்றேன். அதில் முத்திரை விழாதாம். இந்த வருடத்துக்கு ஒன்றாவது வேண்டுமாம். அப்பா தானே ஒன்று எழுதிப் போடுவதாகச் சொல்லிப் பேனாவைத் தேடினார், கையெழுத்து பழைய உறைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருப்பதைச் சொன்னதும் தேடுவதை விட்டுவிட்டார்.

ஆகவே இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்து சேருகிற மாதிரி எழுது. விலாசத்தை மாற்றாதே, தபால்தலையை மூலையில் ஒட்டு, முத்திரை தெளிவாக விழட்டும். அதிகாரிக்கு உறை போதும். உள்ளே நாலு வரி இருந்தால் நான் படித்துக்கொள்கிறேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
தபால் ஆபீஸ் மதிலோரம் (மாதக் கடைசி வரை)