டோன்யா எலாதியா வீட்டில் நான் படித்த ஸ்பானிஷ்

சீலாய்,
புதன்கிழமை.

பார்சிலோனாவில் இருக்கும் என் மெர்லிண்டாவுக்கு, சீலாயிலிருந்து உன் வீட்டுக்காரன் ரோடெல் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் தொப்பையும் உன் சேவலும் நலம். மூவரில் சேவல் மட்டும்தான் வேளைக்குக் கத்துகிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயைத் திறக்கவே அருவருப்பாக இருக்கிறது. கல்யாண மேடையில் மைக் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு இது நல்லதற்கில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் பக்கத்தில் நம் பெண் ஜெனெல் இருப்பாள். எதிர்வீட்டு பெபெங்கின் மகள் வெள்ளிக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறாள். பியாயா பலகாரப் பொட்டலத்துக்கு அடியில் இதை வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பெபெங்கைத்தான் உனக்குத் தெரியுமே, அவள் கண்ணில் பட்டது மாதாகோயில் ஒலிபெருக்கியில் வந்ததற்குச் சமம். அதனால் உறையைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் டேப்பும் சுற்றியிருக்கிறேன். கத்தரிக்கோலால் திற.

உனக்குத் தெரியாமல் நான் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன் மெர்லி. சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ அழைப்பில் எனக்கும் ஜெனெலுக்கும் நடுவில் நீ சுங்க அதிகாரி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். நான் மூச்சு வாங்க ஒரு நகைச்சுவை சொல்கிறேன். நீ அதைச் சோதனை போட்டு, மூன்றே வார்த்தையாக அந்தப் பக்கம் அனுப்புகிறாய். குழந்தை உன் முகத்தைப் பார்த்துவிட்டு மரியாதைக்குச் சிரிக்கிறாள். இங்கிருந்து போனபோது நம் பேச்சில் பொரிந்து தள்ளியவள். இப்போது ஒரு சொல் மிச்சமில்லை. போன மாதம் போனுக்கே வரமாட்டேன் என்றாள். வீட்டுப்பாடம் இருக்கிறது என்று நீ சொன்னாய். சொன்ன விதத்திலேயே வீட்டுப்பாடம் இல்லை என்று தெரிந்தது. ஊரையே சிரிக்க வைக்கிறவன் பெற்ற பெண்ணை இழந்துகொண்டிருக்கிறான், அதுவும் வார்த்தை இல்லாமல். இதைவிட அசிங்கம் வேண்டுமா?

பெபெங்கிடம்தான் யோசனை கேட்டேன். “உனக்கு எதுக்கய்யா வாத்தியாரு? நம்ம பேச்சுல பாதி, நம்மள ஆண்ட ஸ்பெயின்காரன் விட்டுட்டுப் போனதுதான். மேசை, கரண்டி, ஜன்னல், சப்பாத்து, ஞாயித்துக்கிழமை, எல்லாம் ஸ்பானிஷ்!” என்றாள். இந்த ஊரில் எல்லோரும் நம்புவதுபோல நானும் நம்பினேன். ஆனால் பெற்ற பெண்ணிடம் கரண்டியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? போனில் பாடம் சொல்லித் தரும் ஒரு செயலியையும் இறக்கினேன். எங்கள் யானை பால் குடிக்கிறது என்று ஒரு வாரம் சொல்லவைத்தது. சீலாயில் கரும்பு இருக்கிறது, யானை இல்லை.

அப்புறம்தான் டோன்யா எலாதியா. ஊரில் இன்னும் வீட்டுக்குள் ஸ்பானிஷ் பேசுகிற ஒரே பெரிய வீட்டின் எஜமானி. அங்கே சமைக்கிற மனாங் பாசிங் எனக்காகப் பேசினாள். டோன்யா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வராந்தாவுல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்க. ஸ்பானிஷ் காது வழியாத்தான் ஏறும். என் நாய் அப்படித்தான் கத்துக்கிச்சு,” என்றாள். நாய்க்கு வந்தது எனக்கு வராதா என்று ரோஷம் வந்துவிட்டது.

வந்தது. நன்றாகவே வந்தது. இங்க வா. சீக்கிரம். நிமிந்து நில்லு. தொடாத. மறுபடியும் கழுவு. வாய மூடு. டோன்யாவின் கூடப் பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பிள்ளைகள் மணிலாவில் ஆங்கிலம் பேசுகிறார்கள். அந்த வீட்டில் மிஞ்சிய ஸ்பானிஷ் நாய்க்கும் மனாங் பாசிங்குக்கும் போதுமான அளவுதான். எனக்கு அது உறைக்கவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிடுவேன். புரிகிறது, ஸ்பானிஷ் புரிகிறது என்று ஒரே பூரிப்பு! வீட்டுக்கு வந்து அதே இழுவையோடு உன் சேவலிடம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் கேட்டது.

இப்போது எழுதப் போவதைச் சாப்பிடும்போது படிக்காதே. டோன்யா சாயங்காலம் உப்புநீரில் ஊறிய ஒலிவக்காய் சாப்பிடுவாள். கொட்டையைத் தட்டில் போடும் வழக்கம் கிடையாது. வாயைக் குவிப்பாள், பாசிங்கின் உள்ளங்கை நீளும், அதில் துப்புவாள். ஒருநாள் பாசிங் அடுப்படிக்குப் போயிருந்தாள். டோன்யா வாயைக் குவித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் கை, சத்தியமாக என்னைக் கேட்காமலே, நீண்டுவிட்டது. சூடாக, வழுவழுவென்று, எச்சில் நூல் இழுத்துக்கொண்டு வந்து விழுந்தது. சீ! மீன் சந்தையில் செவுள் பிடுங்கிய கைதான் இது. ஆனால் அன்று கலமன்சி எலுமிச்சையைப் பிழிந்து பிழிந்து தேய்த்தும் நாற்றம் போகவில்லை. மனாங் பாசிங் என் நரைத்த தலையைப் பார்த்த பிறகும் பொடியனைக் கூப்பிடுவதுபோல, “மொத தடவ அப்படித்தான் இருக்கும் தோதோ. ஒலிவக்காய்னா பரவால்ல. மாம்பழ சீசன் வரட்டும், கொட்டையப் பாரு,” என்றாள்.

அதற்குப் பிறகும் போனேன். அது வேறு அசிங்கம். பெண்ணுக்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டால் எதையும் கையில் ஏந்தலாம் போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும், நீ இருந்தாய். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தலைக்கு எண்ணெய் தடவி, மேடைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். வா கண்ணு, கிட்ட வா, எவ்வளவு வளந்துட்டே, உன்னைப் பார்க்கணும் என்று சொல்ல நினைத்தேன். என்னிடம் இருந்த ஸ்பானிஷில் அது எப்படி வந்தது? இங்க வா. சீக்கிரம். நிமிந்து நில்லு. டோன்யாவின் குரலிலேயே வந்தது, நான் போலிக்குரல் கொடுப்பதில் கெட்டிக்காரன் அல்லவா!

குழந்தை பயந்து ஓடியிருந்தால்கூடத் தேவலை. சிரித்திருந்தால் என் பிறவி கடைத்தேறியிருக்கும். அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள். நிமிர்ந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டினாள், கண்ணைத் தரையில் வைத்தாள். “சரிங்க அம்மணி” என்று சொன்னாள். அப்பா என்று அழைக்க வேண்டியவள், என்னைப் பார்த்து, ஸ்பானிஷில், அம்மணி என்று.

நான் மடையன். அந்த நிமிஷம் கெக்கெக்கே என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “போன்ல சார்ஜ் இல்ல, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாய். அதன்பிறகு இன்றுவரை அழைக்கவில்லை.

சிரிப்பு வாசல்வரைதான் வந்தது. சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நிற்பை அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்க மாட்டாள். விடுமுறை நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வீட்டுவேலைக்குக் கூட்டிப் போகிறேன், அந்த வீட்டு அம்மாவுக்கு இவள் என்றால் உயிர் என்று எழுதியிருந்தாய். உன்னையும் பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் பெபெங்கிடம் பெருமையாகப் படித்தும் காட்டினேன்.

நான் எதுவும் கேட்கவில்லை மெர்லி.

திங்கட்கிழமை கடைசியாக டோன்யா வீட்டுக்குப் போனேன். வாயைக் குவித்தாள். நான் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தேன். கன்னத்தில் கொட்டையை அடக்கிக்கொண்டு ம்ம், ம்ம் என்றாள். வாய் நிறைந்திருந்ததால் கட்டளை வெளியே வரவில்லை. மனாங் பாசிங் வரவில்லை, அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் டோன்யா அதை விழுங்கிவிட்டாள்! பாசிங் இடுப்பில் கட்டிய துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிய சத்தம் வராந்தாவரை கேட்டது. “எந்திரிச்சுப் போடா, மாட்டுத் தலையா!” என்றாள் டோன்யா. நான் அங்கே ஸ்பானிஷில் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான். எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, இப்போது எனக்கு வாத்தியார் இல்லை. படித்ததையெல்லாம் துப்பிவிடப் பார்க்கிறேன். சேவலிடம்கூட நம் பேச்சில்தான் பேசுகிறேன்.

ஜெனெலிடம் சொல், அப்பா அவளைத் திட்டவில்லை, அப்பாவுக்கு நல்ல வார்த்தை எதையும் யாரும் இன்னும் சொல்லித் தரவில்லை என்று. ஞாயிற்றுக்கிழமை அவளே எனக்குச் சொல்லித் தரட்டும். தப்பாகச் சொன்னால் அடிக்கட்டும், அதட்டட்டும், எனக்குச் சந்தோஷம். அவள் முன்னால் நான் கை கட்டி நிற்கிறேன்.

நீ நடுவில் உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்கார். நீ களைத்துப்போய் வேலையிலிருந்து வரும்போது யாராவது உன்னிடம் சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிற வார்த்தைகள் இருக்கும் அல்லவா, அந்த வீட்டில் யாரும் சொல்லாதவை? அவற்றை மட்டும் ஸ்பானிஷில் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. பொருள் எழுத வேண்டாம். உச்சரிப்பு தப்பானாலும் பரவாயில்லை என்றால், அவற்றை மனப்பாடம் செய்து, முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

உன்,
ரோடெல்