பாலம் தாண்டிய மேளம்

பெட்ரோனேரி,
ஆகஸ்ட் 16

அன்புள்ள அனெஸ்தி,

நானும் குழந்தை தானிஸும் நலம். நீயும் உன் கப்பலும் நலமாக இருக்க வேண்டும் என்று நேற்று மாதாவிடம் நேரிலேயே கேட்டுக்கொண்டேன். நேரில் என்றால், நம் வீட்டு வாசலில். நம்பமாட்டாய், கடைசிவரை படி.

ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மாவு மூட்டை தொப்பென்று விழுந்தும் அவன் திரும்பவில்லையே, அன்றிலிருந்து எல்லாக் கடிதத்திலும் “கேட்கிறதா?” என்று ஒரு வரி எழுதுகிறாய். நானும் மேசையைக் குத்துகிறேன், கதவை அறைகிறேன். ஒன்றரை வயதாகிறது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. குளிர்காலத்தில் காதில் சீழ் வந்ததே, அதுதானோ என்று புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, இல்லாத வியாதியெல்லாம் அவனுக்கு வைத்துவிட்டேன். காலேஜில் படித்து என்ன பயன், பயப்படுவதற்குக் காரணம் கூடியதுதான் மிச்சம். ஏதென்ஸ் டாக்டர் செப்டம்பர் கடைசியில்தான் பார்ப்பாராம்.

சரி, நேற்றைய கதை. மாதா பவனி எப்போதும் போல மேட்டுக் கோவிலிலிருந்து இறங்கிப் பாலத்தடிக்கு வந்தது. அங்கிருந்து திரும்பிவிடும் என்று நமக்குத் தெரியும். உன் தாத்தா காலத்தில் நம் ஆட்கள் துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து அகதிகளாக வந்து இந்தக் கரையில் குடிசை போட்டபோது பாலம் கிடையாது, ஓடையோடு வழி முடிந்தது. பாலம் வந்தும் வழி மாறவில்லை. பாலம் கட்டிய சேதியை மாதாவிடம் யாரும் சொல்லவில்லை போல என்று நீ சிரிப்பாயே.

நேற்று உன் அண்ணன் ஸ்த்ராத்தோஸ் சொல்லிவிட்டார். பேண்டுக்கு முன்னால் பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு போனவர், திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் பாலத்தில் ஏறிவிட்டார். பின்னால் வந்த பெரிய ஊதுகொம்புகள் எல்லாம் மேளம் போன வழியே போயின. பாதிரியார் தீமியோஸ் மட்டும் மாதா படத்தைத் தூக்கியவர்களோடு அந்தக் கரையில் நின்று கத்தினாராம்: “டேய் ஸ்த்ராத்தோ! எங்கடா போற? பேண்டு ஒரு ஊருக்கு, மாதா ஒரு ஊருக்கா?” உன் அண்ணன் மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தாராம். பேண்டு இல்லாத பவனியா? வேறு வழியில்லாமல் மாதாவும் பாலம் தாண்டினாள்.

நம் தெருவைக் கேட்காதே. யாரும் எதற்கும் தயாராக இல்லை. குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தோம். மாதா படம் என் ஈரப் போர்வைக்கு அடியில் குனிந்து வந்தது. உன் அண்ணி எவாந்தியா கத்திரிக்காய் வறுத்த கையோடு ஓடிவந்து, எண்ணெய்க் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள்.

தானிஸ் வாசற்படியில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணிக் கிளிப்புகளைத் தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். மேளம் அவனைத் தாண்டிப் போனது. திரும்பவில்லை. கொம்புகள் போயின. திரும்பவில்லை. அனெஸ்தி, ஊரே திரண்டு வந்து என் பயத்தை உறுதி செய்துவிட்டுப் போவது போல இருந்தது.

கடைசியில் பாதிரியார் வந்தார், முகத்தில் கோபம், கையில் தூபக் கலசம். அதன் சங்கிலியில் சின்னச் சின்ன மணிகள் உண்டே, அவை கிணுகிணுவென்றன. தானிஸின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. திரும்பினான்.

நான் அப்போதும் நம்பவில்லை. “சாம்பிராணி வாசனைக்குத் திரும்பியிருப்பான்” என்றேன். “ஆமாடி, உன் புள்ள மூக்கால கேக்குறான்” என்றாள் எவாந்தியா. பவனி போனதும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் கழுத்து மணியை அவிழ்த்து வந்து, திரைக்குப் பின்னால் நின்று மெதுவாக ஆட்டினாள். இடப்பக்கம் ஆட்டினால் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் போனாள், வலப்பக்கம் பார்த்தான். நான்காம் முறை அவனே எழுந்து போய்த் திரையை விலக்கி அவளைப் பிடித்துவிட்டுச் சிரித்தான். எவாந்தியா மணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். தடித்த சத்தம் எட்டவில்லை, சன்னமானது எட்டுகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எட்டுகிறது!

இன்று காலை உன் அண்ணனின் ரொட்டிக் கடையில் அவரைக் கேட்டேன், தெரிந்தேதான் பாலம் ஏறினாரா என்று. சூடான ரொட்டியை என் கையில் திணித்து, “மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் காதுல விழல, கிளியோ” என்றார். மேட்டுத் தெருக்காரர்கள் இன்னும் பொருமுகிறார்கள், பழைய வழியை மாற்ற இவன் யார் என்று. பாதிரியார் அவர்களுக்கு என்ன பதில் சொன்னாரோ தெரியாது. என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: “அடுத்த வருஷம் அந்தப் போர்வைய எடுத்து வைம்மா. என் தொப்பி விழுந்துடுச்சு.”

நீ வரும்போது கப்பல்காரர்கள் போலக் கதவைத் தட்டாதே. உன் கட்டைக் குரலும் வேண்டாம். சத்தமில்லாமல் வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, குரலைச் சன்னமாக்கி, அவன் பெயரைச் சொல். நீ வருவதை நான் அவனிடம் சொல்லமாட்டேன். அவனே திரும்பட்டும்.

பாலம் தாண்டி வந்தவள் உன்னையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
கிளியோ