ரவிக்கை போட்ட கடல்கன்னி

என் கோபக்காரச் செல்ல அப்பாவுக்கு,

உங்களிடம் இதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோவளத்து ஹோட்டல் ஒன்றுக்கு வரைபடம் வரைந்து கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரை கடற்கரை, கரையெல்லாம் தென்னை, கடலெல்லாம் பாய்க்கப்பல், மூலையில் ஒரு கடல்கன்னி. பழசுபோலத் தெரியவேண்டும் என்று முதலாளி கேட்டதால், தேயிலைத் தண்ணீரில் நனைத்து ஆரியசாலையில் உங்கள் கடை வாசலில் காயப்போட்டீர்களே, அதுதான்.

அந்த ஹோட்டலை இடித்துவிட்டார்கள். சாமான்கள் கைமாறிக் கைமாறி, படம் இப்போது கிழக்கேகோட்டையில் ஒரு கண்காட்சிக்கு வந்திருக்கிறது. கண்ணாடிக்குள் வைத்து, விளக்குப் போட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று எழுதியிருக்கிறார்கள். வரைந்தவர் யாரென்று தெரியவில்லையாம். எனக்கு வயிறு எரிந்தது. சாலைக் கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குப் போர்டு எழுதிய ஆளைத் தெரியவில்லையாம்.

விளக்கம் சொல்கிற சார் மலையாளத்தில் பாடமே நடத்திக்கொண்டிருந்தார். எந்த ஊரிலும் கடல்கன்னி ரவிக்கை போட்டதில்லை, இவள் போட்டிருக்கிறாள், திருவிதாங்கூர்ப் பெண்கள் மேலாடைக்காகப் போராடிய காலத்துப் படம் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சிரிப்பதா அழுவதா, நீங்களே சொல்லுங்கள்.

அது அம்மாவின் முகமல்லவா? படத்தைப் பார்த்த அன்று அவள் போட்ட சண்டைக்குத் தெருவே கூடியது. தன் முகத்தை வரைந்து, மேலுக்கு ஒன்றும் போடாமல், நாலுபேர் சாப்பிடுகிற இடத்தில் மாட்டுவதா என்று அடுப்பே பற்றவைக்கவில்லை. மீனுக்கு எதற்கு ரவிக்கை என்று முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் சிவப்பில் ஒன்று போட்டுவிட்டீர்கள்.

கண்ணாடிக்குள் அதைப் பார்த்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அப்பா. உண்மையைச் சொன்னால் படத்தை இறக்கிவிடுவார்கள், உங்களை ஏமாற்றுக்காரர் என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டால் கண்காட்சியோடு படம் அடுத்து டெல்லிக்குப் போய்விடும், உங்கள் பெயர் அதோடு போச்சு. மாமாவின் படம் மதிப்பாகத்தானே இருக்கிறது, விட்டுவிடு என்கிறார் உங்கள் மருமகன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கடைசியில், முழங்கால் வலியோடு இருந்த அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். பிறகு நேராக அந்த சாரிடம் போனாள்.

"சாரே, இது பழசொண்ணும் இல்ல. இது எனக்க மொகமாக்கும். ஜம்பரு நான் சண்ட பிடிச்சுப் போடவச்சது."

அவர் அவளையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அந்த மூக்கை எங்கே ஒளிக்க முடியும்?

"ஆராணு வரச்சது?" என்று வரைந்தவர் பெயரைக் கேட்டார்.

வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். ரேஷன் கடையில் உங்கள் பெயரைக் கேட்டாலும் என்னைத்தானே கைகாட்டுவாள்? கடைசியாக ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோதுகூடப் பெயர் எழுதிய சீட்டைத்தானே நீட்டினாள்? ஆனால் இந்த முறை என் கையைப் பிடித்து அழுத்தி என்னைத் தடுத்தாள்.

"தங்கையா," என்றாள். "எனக்க வீட்டுக்காரரு, தங்கையா."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. நான்தான் அத்தனைபேர் நடுவில் அழுதேன்.

படத்தை இறக்கிவிட்டார்கள். பின்னறையில் சுவரைப் பார்த்தபடி சாத்திவைத்திருக்கிறார்கள். உடையவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். வேலைக்குப் போகிற வழியில் தினமும் போய் நிற்கிறேன், என்னைக் கண்டாலே அந்த சார் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். நாங்கள் செய்தது சரிதானா? விளக்கு வெளிச்சத்தில் இருந்த படத்தை நாங்களே இருட்டில் தள்ளிவிட்டோமோ?

அம்மாவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. இத்தனை வருடம் அடக்கிவைத்த பெயரை இப்போது வாய் ஓயாமல் சொல்கிறாள். பால் பொங்கி வழிந்தால்கூடத் தங்கையாவைத்தான் திட்டுகிறாள்.

அந்தப் படம் டெல்லியில் தொங்கட்டும், நம் வீட்டு அடுக்களையில் தொங்கட்டும். அதன் கீழே உங்கள் பெயர் இல்லாமல் ஆணி அடிக்க விடமாட்டேன். இது சத்தியம்.

சண்டைக்குத் தயாராக,
தங்கையாவின் மகள்
சுகந்தி